கட்டடம் இல்லை என்றால் விதியும் இல்லையா?

காரைக்காலில் ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. திருநள்ளாறு சாலையில் நின்றால் கண்ணுக்கெட்டும் தூரம்வரை வயல், மறுபக்கம் கடல். அதனால்தானோ என்னவோ, கோடை விடுமுறை விட்டதும் இங்கிருந்து கிளம்பும் வேன்கள் கொடைக்கானலையும் ஊட்டியையும் பார்த்தே ஓடுகின்றன. அந்தப் பயணங்களின் முகம் இப்போது மாறியிருக்கிறது. அப்பா காலத்தில் லாட்ஜில் அறை எடுத்தார்கள். பிள்ளைகள் காட்டோரம் டென்ட் தேடுகிறார்கள். வசதி குறையக் கூடாது என்பவர்களுக்கு 'கிளாம்பிங்': துணிக்கூரைக்குக் கீழே கட்டில், மெத்தை, சுடுதண்ணீர், வாசலில் கேம்ப் ஃபயர். பெங்களூரில் வெள்ளிக்கிழமை இரவு வேலை முடித்துக் கிளம்புகிறவர், மறுநாள் காலை மசினகுடியிலோ வயநாட்டிலோ கூடாரத்தில் காலை நீட்டிவிடலாம்.

இந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. காட்டைப் பார்க்காமலே வளர்கிற தலைமுறையைவிட, பார்த்து வளர்கிற தலைமுறை மேல். ஆனால் அந்த ஆசையை வைத்து நடக்கும் வியாபாரத்துக்குக் களத்தில் உருப்படியான கட்டுப்பாடு இல்லை. தமிழக மலைக்கிராமங்களில் ஒருவர் கட்டடம் எழுப்ப வேண்டுமானால், 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கி வனத்துறைவரை பல மேசைகளைத் தாண்ட வேண்டும். கூடாரத்துக்கு அஸ்திவாரம் இல்லை, செங்கல் இல்லை, வரைபடம் இல்லை. எஸ்டேட்டின் ஒரு மூலையைச் சமப்படுத்தி, பத்து டென்டை நட்டு, போனில் விளம்பரம் போட்டால் கடை திறந்தாயிற்று. லாட்ஜில் தங்குகிறவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏறுகின்றன. காட்டோரக் கூடாரத்தில் இன்றிரவு எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் எந்த அலுவலகத்திலும் பதில் இருக்காது. காசு வாங்கி ஆளை இரவு தங்கவைக்கும் எந்த இடமும், அதன் கூரை துணியாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் தங்கும் விடுதிதான் என்று அறிவிக்க வேண்டும். யானை வழித்தடத்தில் அதற்கு என்ன விலை கொடுத்தாலும் அனுமதி கிடையாது என்றும் சொல்லிவிட வேண்டும்.

2021 ஜனவரியில் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சாவுகள் இதற்கான வாதத்தை முடித்துவைத்திருக்க வேண்டும். மசினகுடியில் ஏற்கெனவே காயத்தோடு ஊருக்குள் சுற்றிவந்த ஆண் யானை ஒன்றை விரட்டுவதற்காக, தங்கும் விடுதியிலிருந்து தீப்பற்றிய பொருளை அதன்மேல் வீசினார்கள். அது காதில் ஒட்டிக்கொள்ள, எரியும் தலையோடு யானை இருட்டுக்குள் ஓடிய காட்சியை நாடே பார்த்தது. ஜனவரி 19-ஆம் தேதி யானை இறந்தது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 23 இரவு, வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்க வந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அங்கே கூடாரம் போட அனுமதியே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் பேசப்பட்டது. மாவட்ட நிர்வாகம் இழுத்து மூடியது. சரி, அதோடு முடிந்ததா? 2025 மே மாதம் அதே மேப்பாடிப் பகுதியில், டென்டுக்கு மேல் போட்டிருந்த கொட்டகை சரிந்து இன்னொரு இளம்பெண் செத்தார். சாவு விழுந்தபின் சீல் வைப்பது நடவடிக்கை ஆகாது. அது வெறும் பஞ்சாயத்து.

யானை எங்கோ வழிதவறி வந்துவிடவில்லை என்பதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம் என்ற தமிழக அரசின் 2010 அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. விடுதி உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழுவும் அமைந்தது. கட்டடங்களைப் பற்றிய அந்தச் சண்டைக்கே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. ஒரு சனிக்கிழமை முளைத்துத் திங்கட்கிழமை மடங்கிவிடும் கூடாரத்தை எந்த வழக்கால் துரத்திப் பிடிப்பது?

மலையில் ஓர் இரவு என்றால் யானை மட்டும் பயமில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில், கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கிய சென்னைக் குழுவினரும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சருகு காய்ந்துகிடக்கும் மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் எத்தனை பேர் இருக்கலாம், எந்தப் பாதையில் இறங்கலாம் என்று தடுத்துச் சொல்ல ஆளில்லை. இன்றும் அதே பருவத்தில், புல்மேட்டின் ஓரத்தில், விருந்தாளி கேட்டார் என்று கேம்ப் ஃபயர் மூட்டுகிறார்கள்.

தடை போட்டால் மலைவாழ் மக்களின் பிழைப்பு போய்விடுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சமையல், வழிகாட்டல், ஜீப் ஓட்டுதல் என்று பல குடும்பங்கள் இதை நம்பியிருக்கின்றன. ஆனால் டென்ட் முதலாளிகளில் எத்தனை பேர் அந்த மலையைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். வேறு வழி இருக்கிறது என்பதைத் தமிழக அரசே காட்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள், முன்பதிவு இணையத்தில், கூட வருவது பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள், காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடவும் செய்கிறார்கள். நடப்பதற்கு இவ்வளவு ஒழுங்கு கொண்டுவர முடிந்த அரசால், தங்குவதற்குக் கொண்டுவர முடியாதா?

கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி உபதேசமா என்று சிலருக்குத் தோன்றலாம். காரைக்காலுக்கு அந்த மலையில் பங்கு இருக்கிறது, அதுவும் எழுத்தில். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி. அந்தத் தண்ணீர் காரைக்கால் வயல்களுக்கானது. வயநாட்டு மழை கபினி வழியாக மேட்டூருக்கு வருகிறது. சீகூர் பக்கத்து மழை மோயாற்றில் விழுந்து, பவானியாகிக் காவிரியில் சேர்கிறது. கடைசியில் அரசலாறாக இந்த ஊரைத் தொட்டுக் கடலில் விழுகிறது. மேலே சோலை அழிந்து சரிவு மொட்டையானால், மழைநாளில் தண்ணீர் ஒரேயடியாக ஓடிவரும், வெயில்நாளில் ஓடை வற்றும். அதன் வலி கடைமடை விவசாயிக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. மலையில் தொடங்கிய வியாபாரம் மலையிலேயே நிற்காது. மத்திய அரசின் சுதேஷ் தர்ஷன் 2.0 சுற்றுலாத் திட்டத்தில் புதுச்சேரியோடு காரைக்காலும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊர்ப்புறக் கடற்கரைகளில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு இடம் தருகிறது. காரைக்கால்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ மணலில் முதல் கிளாம்பிங் கூடாரம் எழும் நாள் தொலைவில் இல்லை. இங்கே யானை வராது, ஆமை வரும். ஜனவரி முதல் ஏப்ரல்வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து வழி மாறுகின்றன. வலை காய்கிற, படகு ஏற்றுகிற மணல் மீனவர்களுடையது. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் கடல் கொண்டுபோன உயிர்களில் பெரும்பகுதி இந்தக் கரையைச் சேர்ந்தவை என்பதையும், ஐப்பசி, கார்த்திகையில் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் வெளியூர் முதலாளிக்கு யார் சொல்வது?

உரிமம் கொடுப்பது யார் என்பதிலேயே இங்கு ஓட்டை. 2006-இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின், கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்திவந்தார்கள். ஆகவே புதுச்சேரி சுற்றுலாத் துறை முதல் விண்ணப்பம் வருவதற்கு முன்பே விதிகளை வெளியிட வேண்டும். கூடாரத்துக்கும் லாட்ஜைப் போலப் பதிவேடு. கழிவுநீர் மணலில் இறங்காத ஏற்பாடு. ஆமைக் காலத்தில் கடலை நோக்கிய விளக்குக்குத் தடை. புயல் எச்சரிக்கை வந்த ஆறு மணி நேரத்துக்குள் காலிசெய்யும் கட்டாயம். மீனவ ஊர்ப் பஞ்சாயத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம். வரைவைத் தமிழில் அச்சடித்து, மீனவ ஊர்கள் ஒவ்வொன்றிலும் கூட்டம் போட்டு வாசித்துக்காட்ட வேண்டும். அடுத்த சுற்றுலாப் பருவத்துக்கு முன் அதைச் செய்ய ஆட்சியர் அலுவலகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.