பத்தாம் வகுப்போடு இறங்கிவிடும் பெண்கள்



நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பெண் கல்வி பற்றிப் பேச்சு இல்லாத ஆண்டே கிடையாது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: ஏழைப் பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை. நானும் கைதட்டியிருக்கிறேன். சென்ற முறை சொந்த ஊரான போடிநாயக்கனூருக்குப் போய், அங்கிருந்து போடிமெட்டு ஏறி வந்த பிறகு, அப்படிக் கைதட்டியது தவறு என்று தோன்றுகிறது.

முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். மாநிலம் மாறுகிறதே தவிர, பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கத்து ஏலத் தோட்டங்களில் காதில் விழுவது நம் தமிழ்தான். அங்கே டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏலக்காய் பறிக்கும் தொழிலாளி. மகள் பத்தாவது தேறியும் வீட்டில் இருக்கிறாளாம். "படிக்க வைக்க ஆசை இல்லையாம்மா?" என்றேன்.

"ஆசை இல்லாமலா அய்யா பத்து வருசம் அனுப்பினோம்? இனிமே தூரமாப் போகணும். சாயந்தரம் பஸ்ஸ விட்டா இருட்டிரும். ஆனை நிக்கிற பாதை. பொட்டப் புள்ளைய எப்படி அனுப்புறது?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைச் சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தில் யானைப் பயம் தீரவில்லை.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பணியாற்றியவன் நான். எனக்குத் தெரிந்த முறையில் சொல்கிறேன். மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் நிலையங்களில் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். மூட்டை கிழிவதும் காணாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான். ஓடும் வண்டியில் கோளாறு இல்லை. பாதை மாறும் இடத்தில்தான் கோளாறு.

இந்தப் பெண்களுக்கு அப்படிப் பாதை மாறும் இடம் பத்தாம் வகுப்பு. அதுவரை பக்கத்துப் பள்ளி, அதற்குமேல் தொலைவு. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மேல்நிலை வகுப்புக்குப் போனால் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். இத்தனையும் ஒரே நாளில் மாறுகின்றன. அதே நாளில், தோட்டத்துக்குப் போனால் கூலி கிடைக்கும் வயதும் வந்துவிடுகிறது.

சட்டமும் அந்த இடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25-க்கு மேல் இருந்தால் தோட்ட முதலாளி கல்வி வசதி செய்து தர விதி வகுக்கலாம் என்றது. கணக்கு 12 வயதோடு முடிந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை வந்தது. பதினைந்து வயதுப் பெண் யார் பொறுப்பு?

கேரளத்தில் பெண்கள் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 92 சதவீதம். பெருமைக்குரியதுதான். ஆனால் எழுத்தறிவுக் கணக்கில் பத்தாவதோடு நின்ற பெண்ணும் தேறியவள்தான். அவளுடைய இழப்பு அதில் தெரியாது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. கல்லூரி மாணவிக்கு மாதம் 1000 ரூபாய். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவிகளுக்காக வகுத்த திட்டம் அது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பெண், கீழே இறங்கிப் போடியிலோ பெரியகுளத்திலோ கல்லூரியில் சேர்ந்தாலும் அந்த வரம்புக்குள் வரமாட்டாள்.

மலைப் பெண்களுக்கு விவரம் போதாது என்பவர்கள் 2015 செப்டம்பரை நினைத்துப் பார்க்கட்டும். மூணாறில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்று ஒன்றுகூடி, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்து, 20 சதவீத போனஸ் பெற்றார்கள். தங்கள் உரிமையைக் கணக்குப் போட்டுக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மகளின் படிப்பின் அருமை தெரியாதா?

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, அந்த எல்லைப் பகுதியில் பத்தாவது தேறிய இரண்டு பெண்களுக்கு மேல்நிலைப் படிப்பு முடியும்வரை விடுதிக் கட்டணமும் பஸ் செலவும் ஏற்றுக்கொள்வோம். பள்ளி விடும் நேரத்துக்கு ஏற்ற பஸ் வேண்டுமென்று கேரள அரசுக்கும், புதுமைப் பெண் திட்டத்தில் எல்லைத் தமிழ்ப் பெண்களையும் சேர்க்க வேண்டுமென்று தமிழக அரசுக்கும் செயற்குழு கடிதம் எழுதட்டும்.

மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2023 ஜூன் 15-இல்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். தண்டவாளம் காத்திருக்கும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டு போனால் போனதுதான். இந்த ஆண்டே தொடங்குவோமா?