மானிட்டர் பெட்டி மேல ஒட்டியிருக்கிற "ஐ கேர்"

ஓபில ஒரு அப்பா. நம்ம சிங்கப்பெருமாள் கோவில்தான், மஹிந்திரா சிட்டில ஷிப்ட் வேலை. (அடையாளம் தெரியாத மாதிரி சிலதை மாத்தியிருக்கேன்.) எட்டாவது படிக்கிற பையனுக்கு ஒரு மாசமா தலைவலி. "கம்ப்யூட்டராலதான்னு சொன்னாங்க சார், ஐ கேர் மானிட்டரே வாங்கிட்டேன், அப்பவும் நிக்கல"ன்னு செல்லுல பெட்டியோட போட்டோவைக் காட்டினார். சாதா மாடலை விட மூவாயிரம் அதிகமாம்.

பையனை நிக்க வெச்சு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். 6/24. கிளாஸ்ல போர்டே சரியாத் தெரியல, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துட்டிருக்கான். கண் பிரிவுக்கு அனுப்பினேன். அரசுப் பள்ளிப் பையன், பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம்.

அந்த மூவாயிரத்துக்காகத்தான் இந்த த்ரெட். கோவத்துலதான் எழுதுறேன்.

நான் கண் டாக்டர் இல்ல, எம்.பி.பி.எஸ். ஆனா இதைச் சொல்ல அது போதும். மானிட்டர்ல இருந்து வர்ற நீல ஒளி வெயில்ல நிக்கும்போது படுறதுல ரொம்பச் சின்ன பங்கு. நீல ஒளி தடுக்கிற கண்ணாடிகளைப் பத்தி 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023ல காக்ரேன் சொன்னது: கண் அசதிக்குப் பெருசா பலன் தெரியல. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறது குறையுது, கண் காயுது. அதுக்கு ஸ்டிக்கர்ல மருந்து இல்ல. ராத்திரி மஞ்சளா வேணும்னா விண்டோஸ்லயே "நைட் லைட்" இருக்கு, காசே இல்லாம.

மத்த நம்பரும் இதே கதைதான். "கான்ட்ராஸ்ட் பத்துக் கோடிக்கு ஒண்ணு"ன்னு போட்டிருப்பான். இருட்டுக் காட்சி வந்தா பின்னாடி விளக்கை அணைச்சுட்டு, அந்தக் கருப்பை முழு வெளிச்சத்தோட வகுத்து எடுத்த கணக்கு அது. ஒரே நேரத்துல திரையில தெரியுற நிஜ கான்ட்ராஸ்ட், ஐபிஎஸ் பேனல்னா 1000 சுமாருக்கு, விஏன்னா 3000 சுமாருக்கு. "ஸ்டாட்டிக்"னு போட்டிருக்கிறதை மட்டும் பாருங்க.

"178 டிகிரி" பக்கவாட்டுப் பார்வைன்னா, கான்ட்ராஸ்ட் 10க்கு விழுற வரைக்கும் "தெரியுது"ன்னு கணக்கு வெச்சுக்கிறது. "எச்டிஆர் 10 சப்போர்ட்"னா சிக்னலை வாங்கிக்கும்னு அர்த்தம். 250 நிட்ஸ் திரையில அதைக் காட்ட வெளிச்சம் எங்க இருக்கு? "1 எம்எஸ்" பக்கத்துல எம்பிஆர்டின்னு பொடி எழுத்து இருந்தா, அது விளக்கை விட்டு விட்டு எரிய வெச்சு எடுத்த நம்பர். "எல்இடி மானிட்டர்"ங்கிறதும் பின்னாடி விளக்கு மட்டும்தான் எல்இடி, முன்னாடி இருக்கிறது அதே எல்சிடி.

எங்களையும் சொல்லிக்கணும். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல டிஜிட்டல் எக்ஸ்ரே வந்துச்சு. மெஷின் பல லட்சம். படம் பார்க்கிற மானிட்டர் மட்டும் ஆபீஸ்ல டைப் அடிக்கிற அதே ரகம், அதுவும் ஜன்னலுக்கு எதிர்ல. நுரையீரலைச் சுத்தி காத்து கசிஞ்சிருந்தா படத்துல மயிரிழை மாதிரி ஒரு கோடுதான் தெரியும். ஒரு நாள் டியூட்டி முடியுற நேரம், "நார்மல்"னு எழுதிட்டேன். சீனியர் வந்து ஜன்னலைச் சாத்திட்டு, தலையைச் சாய்ச்சுப் பார்த்து, அந்தக் கோட்டைக் காட்டினார். நோயாளிக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல.

நோய் கண்டுபிடிக்கிற திரைக்குக் குறைஞ்சது 350 நிட்ஸ், மேமோகிராமுக்கு 420ன்னு அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி எழுதியே வெச்சிருக்கு. டெண்டர்ல "எல்இடி மானிட்டர், 21.5 இன்ச்"னு மட்டும் எழுதினா எல்-1 வேற எதைத் தருவான்? தப்பு அவன் மேல இல்ல. எழுதின நம்ம மேல.

சரி, வீட்டுக்கு என்ன பார்க்கணும்? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ட்ரெயின் ஏறிப் போனாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, முதல்ல பேனல் வகையைக் கேளுங்க. படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் ஐபிஎஸ் போதும். 1920×1080ன்னா 24 இன்ச்சோட நிறுத்துங்க. அதே புள்ளிகளை 27 இன்ச்ல இழுத்தா எழுத்து பிசிறடிக்கும். செத்த பிக்சல் எத்தனை இருந்தா மாத்தித் தருவீங்கன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. மொத்தம் 20 லட்சத்துக்கு மேல புள்ளி, ஒண்ணு ரெண்டு போனா "கம்பெனி பாலிசி சார்"னுதான் பதில் வரும்.

கடையில பிரைட்னஸைக் கடைசி வரைக்கும் குறைச்சு, செல் கேமராவுல ஷட்டர் ஸ்பீடை ஏத்தி வெச்சுப் பாருங்க. திரையில கருப்புப் பட்டை ஓடினா விளக்கு மினுக்குதுன்னு அர்த்தம். ஒற்றைத் தலைவலி இருக்கிறவங்களுக்கு அது வேண்டாம். ஸ்டாண்ட் உயரம் ஏறி இறங்கினா நல்லது. இல்லேன்னா புத்தகம் அடுக்குங்க, என்னோடது ஹாரிசன் ரெண்டு வால்யூம் மேலதான் நிக்குது.

அந்த அப்பா கிளம்பும்போது கேட்டார், "அப்ப மானிட்டரைத் திருப்பிக் குடுத்துடலாமா சார்?" பெட்டியைப் பிரிச்சாச்சு, எடுத்துக்க மாட்டாங்க. போட்டோவை மறுபடி பெருசாக்கிப் பார்த்தேன். ஐபிஎஸ்தான். "வெச்சுக்கோங்கண்ணா, மானிட்டர் நல்லதுதான். பையனுக்குக் கண்ணாடி வந்ததும் ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க"ன்னேன்.