கணக்கில் வராத சனிக்கிழமைகள்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதியொன்றில் கூடிய 17 மென்பொருளாளர்கள் அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் 12 கோட்பாடுகளில் ஒன்று, எத்தனை காலமானாலும் தளராமல் தொடரக்கூடிய சீரான வேகத்தை வலியுறுத்துகிறது. கென்ட் பெக் 1999இலேயே தம் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் நூலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரையறுத்திருந்தார். ஒரு வாரம் கூடுதலாக உழைக்கலாம். அடுத்த வாரமும் அப்படியே என்றால் கோளாறு திட்டத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி.

இன்று அஜைல் என்று சொல்லிக்கொள்ளும் பல குழுக்களில் தினசரிக் கூட்டம் உண்டு, வண்ணச் சீட்டுகள் உண்டு. இதை மட்டும் காணோம். (இரு வாரச் சுற்றுக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். குறுந்தூர ஓட்டத்தை ஆண்டு முழுவதும் யார் ஓடுவது?)

மிகைநேர உழைப்பு உடலை வருத்துவது எல்லோரும் அறிந்ததே. அது அளவுகோலையும் கெடுக்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. வேலையின் அளவை இக்குழுக்கள் புள்ளிகளாக மதிப்பிடுகின்றன. ஒரு சுற்றில் 30 புள்ளி முடிக்கும் குழு, சனி ஞாயிறும் அமர்ந்து 38 முடிக்கிறது என்று கொள்வோம். வந்த நாட்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை, 38 பதிவாகிறது. அடுத்த திட்டம் அங்கிருந்துதான் தொடங்கும். கடனாக வாங்கிய இரண்டு நாட்கள் அக்குழுவின் இயல்பான திறனாகிவிடுகின்றன. களைப்பில் நேர்ந்த பிழைகளைத் திருத்தும் வேலையும் அதன்மேல் ஏறும்.

மேலாளரை மட்டும் நொந்து பயனில்லை. ஸ்க்ரம் விதிப்படி எவ்வளவு வேலையை ஏற்பது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அதைச் செய்பவர்களே. சனிக்கிழமை வந்தவர்கள் அந்த மணிநேரத்தையாவது எழுதிவைக்கலாம்; அடுத்த சுற்றுக்கு 30 என்றே சொல்லலாம்.