புதுசே மலிவு என்னும் புளுகு

"ஆல்ட்ரேஷன் கூலிக்குப் புதுசே எடுத்துக்கலாமுங்க." "ஆக்கித் திங்கிற நேரத்துக்கு ஆர்டர் போட்டா வந்துருமுங்க." கோவையில் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் பணம் அனுப்புகிற பெற்றோருக்கும் இந்த இரண்டும் வேதவாக்காகிவிட்டன. பீளமேடு, சரவணம்பட்டி, துடியலூர் என்று கல்லூரிகளைச் சுற்றி முளைத்திருக்கும் வாடகை அறைகளில் இதை மறுத்துப் பேசுகிறவர் அரிது. சமைப்பதும் தைப்பதும் பணமில்லாத காலத்துப் பழக்கம், இன்றைய சந்தையில் வாங்குவதுதான் சிக்கனம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கணக்கில் கெட்டி என்று பெயரெடுத்த கொங்கு நாட்டில் இவ்வளவு பெரிய தப்புக்கணக்கு எப்படி எடுபட்டது?

முதலில் சோற்றுக் கணக்கு. நம் ஊரின் அரிசியும் பருப்பும் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். அரிசி கிலோ 60 ரூபாய், துவரம்பருப்பு 160 ரூபாய் என்றே வைப்போம். ஓர் ஆளுக்கு அரிசி 120 கிராம், பருப்பு 40 கிராம். இரண்டும் சேர்ந்து 14 ரூபாய்கூட ஆகாது. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மஞ்சள்தூள், தேங்காயெண்ணெய்க்கு 10 ரூபாய், கேஸுக்கு 4 ரூபாய். ஆக 28 ரூபாய். அதே அளவு சாப்பாடு செயலியில் 110 ரூபாய் என்று காட்டினாலும், பேக்கிங், டெலிவரி, வரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் ஏறி 150ஐத் தொடும். 2023இல் வெறும் 2 ரூபாயில் தொடங்கியது அந்தக் கடைசிக் கட்டணம். பிறகு அது ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். மாதத்தில் இருபது வேளை ஆர்டர் போட்டால் வித்தியாசம் மட்டுமே 2,400 ரூபாய்க்கு மேல்.

நேரம் என்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் உரிக்கப் பத்து நிமிடம். தாளித்து, ஊறிய அரிசி பருப்பைப் போட்டு, குக்கரில் மூன்று விசில் விட்டு இறக்கக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் அடுப்பு தன் வேலையைப் பார்க்கும், நாம் நம் வேலையைப் பார்க்கலாம். ஆர்டர் போட்டவரோ வண்டி எந்தச் சிக்னலில் நிற்கிறது என்று போன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கொங்குச் சமையல் பெரும்பாலும் மானாவாரிக் காட்டுக்காரர்களின் சமையல். குறைந்த சாமானில் வயிறு நிறைய வேண்டும், உடம்பும் நிற்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். கொள்ளை ஒரு தடவை வேகவைத்தால் வடித்த தண்ணீர் ரசமாகும். பருப்பை வரமிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்தால் சோற்றில் பிசையக் கொள்ளுப்பருப்பு. ஒரே அடுப்புச் செலவில் இரண்டு பதார்த்தம். நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. பச்சைப்பயறு கடைசலுக்கு ஒரு சட்டியும் ஒரு மத்தும் போதும். அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு ஏழையின் சமரசம் அல்ல, சத்துக்கணக்கு சரியாக அமைந்த உணவு. காய்க்கு ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி உழவர் சந்தைகள் இருக்கின்றன. 1999இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கமே இடைத்தரகு இல்லாமல் விவசாயி நேரடியாக விற்பதுதான். அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். பேரம் பேசத் தெரியாத முதலாண்டு மாணவன்கூட ஏமாற மாட்டான்.

வெளியில் சாப்பிடுவது எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் தரும் அம்மா உணவகத்தோடு எந்த வீட்டு அடுப்பும் போட்டி போட முடியாது. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் அரசின் பணம் இருக்கிறது. செயலியின் தள்ளுபடிக்குப் பின்னால் இருப்பது நாளை நம்மிடமே வசூலிக்கப்போகும் பணம்.

துணிக் கணக்கு இதைவிட மோசம். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நமக்குத் துணி மலிவு என்ற மயக்கம் அதிகம். காதர்பேட்டையில் மிச்ச ஏற்றுமதிச் சரக்கும் செகண்ட்ஸும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் நல்லதும் உண்டு. ஆனால் கோவை நடைபாதைக்கு வருவதெல்லாம் அந்த நல்லது அல்ல. சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் சரியாக நடக்காத பனியன் துணி முதல் இரண்டு துவைப்பிலேயே சுருங்கும். பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வரும். இருநூறு ரூபாய் டி-ஷர்ட்டை இருபது முறை போட்டுத் தூக்கி எறிந்தால் ஒரு முறைக்குப் பத்து ரூபாய். அப்பாவின் பழைய பருத்திச் சட்டையை நூறு ரூபாய் கூலி கொடுத்துப் பிடித்துத் தைத்து ஐம்பது முறை போட்டால் ஒரு முறைக்கு இரண்டே ரூபாய். எது மலிவு? கூலியையும் விலைச்சீட்டையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கணக்கின் பாதியைத்தான் பார்க்கிறார்.

அம்மாவின் பருத்திச் சேலை ஐந்தரை மீட்டர். குர்த்தி ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் போதும். நைந்துபோவது பெரும்பாலும் தரையில் உரசும் கீழ்க்கரை. அதை வெட்டிவிட்டால் மீதித் துணி இன்னும் பல ஆண்டுக்குத் தாங்கும். ஜிப் போன ஜீன்ஸுக்கு வேண்டியது ஒரு ஜிப், வெளுத்த கறுப்புப் பேன்ட்டுக்கு ஒரு பொட்டலம் சாயம். சட்டையின் காலர் தேய்ந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துப் போட்டார்கள் நம் தாத்தாக்கள். வெளியே தெரியவே தெரியாது.

மலிவுத் துணியின் மிச்ச விலையைக் கொடுத்தது யார் என்று நொய்யல் கரையில் கேளுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிற ஆறு அது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. பயிருக்குப் பாயவேண்டிய தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலைக்கு வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. விலைச்சீட்டில் ஏறாத செலவு இப்படித்தான் ஏதோ ஓர் ஊரின் கிணற்றில் இறங்குகிறது.

ஒட்டுப்போட்டதும் மாற்றித் தைத்ததும் கௌரவக் குறைவு என்பவர்களுக்கு ஒரு செய்தி. திருப்பூரின் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்பது கோவை வட்டாரத்து ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில்களின் அன்றாடத் தொழில். மில் முதலாளி செய்தால் மறுசுழற்சி, மேடையில் பெருமை. மாணவி பழைய சேலையைக் குர்த்தியாக்கிப் போட்டால் "ஏனுங், வீட்ல கஷ்டமா?" என்ற விசாரிப்பு.

"திரும்பவும் பெண்களை அடுப்படிக்கும் தையல் மிஷினுக்கும் அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1957இல் டி.எஸ். அவினாசிலிங்கம் கோவையில் பெண்களுக்கான மனையியல் கல்லூரி தொடங்கினார். உணவையும் உடையையும் அறிவியலாகக் கற்பித்த நிறுவனம் அது. குறை என்னவென்றால், அந்தப் பாடம் பெண்களோடு நின்றுவிட்டது. லேத் ஓட்டத் தெரிந்த பையனுக்குப் பொத்தான் தைக்கத் தெரியவில்லை. கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு ஆக்கும் சமையல் மாஸ்டர்களும், டவுன்ஹால் பக்கம் சட்டை தைக்கும் டெய்லர்களும் ஆண்கள்தானே? கூலி வரும்போது ஆண் வேலை, வராதபோது பெண் வேலை என்பது எந்த ஊர் நியாயம்? நான் கேட்பது இருபாலாருக்கும்.

விடுதியில் அடுப்புக்குத் தடை என்பது உண்மையான தடங்கல். தனித்தனி அறையில் இண்டக்‌ஷன் வேண்டாம் என்பதிலும் பாதுகாப்புக் காரணம் இருக்கிறது. அதற்கு வழி, விடுதிக்கு ஒரு பொதுச் சமையலறை. ஜிம்முக்கு இடம் ஒதுக்குகிற நிர்வாகத்தால் இரண்டு அடுப்பும் ஒரு தையல் மிஷினும் வைக்க ஓர் அறை ஒதுக்க முடியாதா? மாணவர் மன்றங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையைக் கல்லூரியில் விட வரும்போது மடிக்கணினியோடு ஐந்து லிட்டர் குக்கரையும் ஊசி நூல் டப்பாவையும் கொடுத்தனுப்புங்கள். அரிசியும் பருப்பும் ஆக்கவும், பிரிந்த தையலைப் போடவும் ஊரிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். மகளுக்கு மட்டும் அல்ல, மகனுக்கும்.