மரணக் கணக்கும் மூளை நோயும்

ஒருவன் செத்துப்போனால் "விதி முடிந்தது, போய்விட்டான்" என்று சொல்லிவிட்டு மேல் காரியத்தைப் பார்ப்பதே நம் மக்களின் வழக்கமாய் இருந்து வருகின்றது. எதனால் செத்தான் என்று கேட்பவனை, "தெரிந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுவானா?" என்று பரிகாசம் செய்வார்கள். வரமாட்டான் என்பது வாஸ்தவமே. ஆனால் அக்கேள்வி இருப்பவர்களுக்காகக் கேட்கப்படுவதாகும்.

கிராய்ட்ஸ்பெல்ட்-யாக்கோப் நோய் என்று ஒன்றுண்டு, சுருக்கமாய் சி.ஜே.டி. என்பார்கள். இது வந்தவனுக்குச் சில வாரங்களிலேயே ஞாபகம் தப்பி, நடை தள்ளாடி, பேச்சும் நின்று, பெரும்பாலும் ஒரு வருஷத்திற்குள் மரணம் நேரிடுகின்றது. மூளை கடற்பஞ்சுபோல் துளைபட்டுப் போகின்றது. குணப்படுத்த மருந்து இன்றுவரை கிடையாது. வருஷத்திற்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வருவதால், ஒரு வைத்தியர் தம் ஆயுள் முழுவதிலும் இந்நோயாளி ஒருவரைக்கூடக் காணாதிருக்கலாம். ஆகவே நோய் பெருகுகின்றதா என்பதைத் தேசத்தின் மரணப் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வந்தவர் பிழைப்பதில்லையாதலால் மரணக் கணக்கே ஏறக்குறைய நோயின் கணக்குமாகின்றது.

பிரிட்டனில் 1986ல் மாடுகளுக்கு இவ்வினத்து மூளை நோய் கண்டது. செத்த பிராணிகளின் இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்கே தீனியாகப் போட்டதால் அது பரவிற்று. மாட்டிறைச்சியைத் தின்னலாமா என்று ஜனங்கள் பயந்தபோது, 1990ல் விவசாய மந்திரி ஜான் கம்மர், காமிராக்களுக்கு முன் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டிக் காட்டினார். அதே வருஷம் எடின்பரோவில் சி.ஜே.டி. கண்காணிப்பு நிலையம் ஏற்பட்டது. நரம்பு வைத்தியர்களின் தகவலும், இந்நோயின் பெயர் எழுதப்பட்ட மரணச் சான்றுகளும் அங்கே வந்து சேர்ந்தன. 1996ல் அவர்கள் பத்துப் பேரைச் சுட்டிக்காட்டினார்கள். வழக்கமாய் அறுபதைத் தாண்டியவர்களைப் பிடிக்கும் நோய், 45 வயதுக்குட்பட்ட இப்பத்துப் பேரையும் புதிய ரூபத்தில் பிடித்திருந்தது. மாட்டு நோயே மனிதனுக்கு வந்ததென்று பிறகு உறுதியாயிற்று. பிரிட்டனில் அதற்குப் பலியானோர் 178 பேர். மந்திரியின் பர்கர் இதில் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

நிற்க, அமெரிக்க நோய்த்தடுப்பு இலாகாவார் அவ்வருஷமே 1979 முதல் 1994 வரையிலுள்ள தங்கள் தேசத்து மரணப் பதிவுகளைப் புரட்டினார்கள். வருஷத்திற்குப் பத்து லட்சத்திற்குச் சுமார் ஒருவர். முப்பது வயதுக்குட்பட்டோர் மிக அபூர்வம். இதைப் பார்த்தபின்தான் "இங்கே அது வந்ததாய்க் காணோம்" என்றார்கள். மந்திரி சொன்னதும் "இல்லை", இவர்கள் சொன்னதும் "இல்லை." ஆனால் எண்ணிப் பார்த்துச் சொன்னவர்கள் இவர்களே. பின்னர் 55 வயதுக்குள் இந்நோயால் இறந்தோரின் வைத்தியக் குறிப்புகளைத் தனியே வரவழைத்துச் சோதிக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் பதிவில் எழுதுகிறவர் சரியாய் எழுதினாலல்லவா இவையெல்லாம் பலிக்கும்? "இருதயம் நின்றது" என்று எழுதிவிடுகிறார்கள். இருதயம் நிற்காமல் செத்தவன் எவன்? இந்நோய்க்காரனின் சாவு நிமோனியா என்றோ முதுமை மறதி என்றோ பதிவாகிவிடக்கூடும். ஐயமறத் தெரிவது இறந்தபின் மூளையைச் சோதிப்பதனால்தான். அதற்கென 1997ல் கிளீவ்லாந்து நகரில் ஒரு நிலையம் ஏற்பட்டது. வீட்டாரின் சம்மதமில்லாமல் அச்சோதனை நடவாது, "பிணத்தை அறுப்பதா?" என்று மறுப்பவர்களும் உண்டு. இந்நோயில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பரம்பரையாய் வருவது. ஆகையால் அப்படி மறுக்கும் வீட்டில், தெரியாமல் போகும் சங்கதி சில சமயம் அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியதாகவே இருக்கின்றது.