மைதானத்துக்கு வெளியே கசியும் விவரங்கள்

கிருஷ்ணன்கோவில் பகுதியில் இயங்கும் சிறிய கபடிக் கழகம் ஒன்றின் கணக்கு வழக்குகளைச் சில ஆண்டுகளாக நான் கவனித்துவருகிறேன். கழகத்துக்கென்று அலுவலகம் கிடையாது. ஒரு மைதானம், இரண்டு பயிற்சியாளர்கள், ஏறத்தாழ அறுபது பிள்ளைகள், அவ்வளவுதான். பெற்றோரில் பலர் ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கும் வேலைக்குச் செல்பவர்கள்.

கடந்த ஆண்டு ஒரு போட்டிக்காகச் சிறுமியர் அணியின் ஆவணங்களை அனுப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டு சிறுமிகளின் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், ஒளிப்படம், வீட்டுக் கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தொகுத்தேன். அமைப்பாளருக்கு அனுப்ப வேண்டிய அக்கோப்பைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் தவறுதலாகப் பதிவிட்டுவிட்டேன். முன்னாள் வீரர்கள், நன்கொடையாளர்கள், எப்போது சேர்த்தோம் என்றே நினைவில்லாதவர்கள் என இருநூறுக்கும் மேற்பட்டோர் அக்குழுவில் இருந்தனர். மறுநாள் காலை பிழையை உணர்ந்து நீக்கினேன். ஆனால், அதற்குள் தரவிறக்கம் செய்தவர்களின் கைப்பேசியிலிருந்து அதை யாரால் நீக்க முடியும்?

ஒரு வாரத்துக்குள், அணியின் சிறந்த ஆட்டக்காரியின் வீட்டுக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. அந்தக் கோப்பின் வழியாகத்தான் எண் கிடைத்ததென்று மெய்ப்பிக்க முடியாது. இல்லையென்று மறுக்கவும் எனக்குத் துணிவில்லை. “புள்ள விளையாடாட்டி பரவாயில்ல சார், இந்த வம்பு எங்களுக்கு வேண்டாம்” என்றார் அவளுடைய தாய். மறுநாளிலிருந்து அச்சிறுமி பயிற்சிக்கு வரவில்லை.

தரவுப் பாதுகாப்பு என்றவுடன் வங்கிகளும் அரசுத் துறைகளும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டு உலகமும் இதில் விலக்கல்ல. 2016 செப்டம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தரவுத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் உள்ளிட்டோரின் மருத்துவக் குறிப்புகளை வெளியிட்டனர். 2017 மார்ச்சில் மகேந்திர சிங் தோனி ஆதார் விவரங்களைப் புதுப்பித்ததைப் பெருமையுடன் ட்விட்டரில் பகிர்ந்த பொதுச் சேவை மைய நிறுவனம், அவருடைய தனிப்பட்ட விவரங்கள் அடங்கிய படத்தையும் சேர்த்தே வெளியிட்டது. அவருடைய மனைவி சாக்‌ஷி மத்திய அமைச்சரிடம் நேரடியாக முறையிட்டார். சம்பந்தப்பட்ட மையம் பத்தாண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது. முதல் நிகழ்வு திட்டமிட்ட ஊடுருவல். இரண்டாவது வெறும் கவனக்குறைவு. சிறிய கழகங்களை அச்சுறுத்துவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். தோனியின் குடும்பத்துக்கு அமைச்சரிடம் முறையிடும் வாய்ப்பு இருந்தது. நூற்பாலைத் தொழிலாளியின் மகளுக்கு ஆட்டத்தை விட்டு விலகுவது மட்டுமே எட்டிய தீர்வாக இருக்கிறது.

ஆவணங்களையே கேட்காமல் கழகம் நடத்த முடியாதா என்றால், முடியாது. வயதைக் குறைத்துக் காட்டி ஆடும் மோசடி இந்திய விளையாட்டின் பழைய நோய். அதைத் தடுக்க மத்திய அரசு 2010-இலேயே தேசிய நெறிமுறை ஒன்றை வகுத்தது. முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளுக்கு இணையவழிப் பதிவு தேவை. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெறவும் சான்றுகள் வேண்டும். ஆவணம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கான நுழைவுச்சீட்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஆவணத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது வேறு. அதன் நகலைக் காலமெல்லாம் வைத்திருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்ததுதான் சிக்கலின் வேர். ஜெராக்ஸ் கடையின் கணினியிலும் பயிற்சியாளரின் கைப்பேசியிலும் ஐந்தாண்டுகளுக்கு முன் ஆடிய பிள்ளையின் ஆதார் இன்றும் கிடக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரவுள்ளன. 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவித்தாக வேண்டும். உரிய பாதுகாப்பு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். காகிதப் படிவத்தைக் கைப்பேசியில் படமெடுத்த நொடியிலேயே சிறிய கழகமும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடும்.

ஆனால், அபராதத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க இச்சட்டத்தில் வழியில்லை. எனவே, சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

நாங்கள் செய்த மாற்றங்களுக்குப் பெரும் செலவு ஆகவில்லை. பெற்றோருக்கான குழுவையும் பொதுக் குழுவையும் பிரித்தோம். அசல் சான்றிதழைப் பார்த்து, பிறந்த தேதியைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுக்கிறோம். ஆதார் தேவைப்படும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட வடிவத்தையே கேட்கிறோம். கழகத்தின் மின்னஞ்சலை இருவர் மட்டுமே திறக்க முடியும். அதற்கு இருநிலைச் சரிபார்ப்பு உண்டு. பொறுப்பாளர் மாறும் நாளில் கடவுச்சொல்லும் மாறும். போட்டி முடிந்ததும் கோப்புகளை அழித்து, அழித்த தேதியை எழுதிவைக்கிறோம்.

எங்களால் மாற்ற முடியாதது ஒன்று உண்டு. போட்டி அமைப்பாளர்கள் இன்னும் முழு ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். மறுத்தால் அணியைச் சேர்க்கமாட்டார்களோ என்ற அச்சத்தில் சிறிய கழகங்கள் பணிந்துபோகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநில விளையாட்டுச் சங்கங்களும் தெளிவான ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும்: என்னென்ன ஆவணங்களைக் கேட்கலாம், எந்த வழியாகப் பெறலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். கேட்பவர்கள் குறைத்துக் கேட்டால்தான் கொடுப்பவர்கள் குறைத்துக் கொடுக்க முடியும்.

அச்சிறுமியின் வீட்டுக்கு இருமுறை சென்று மன்னிப்புக் கேட்டேன். புதிய நடைமுறைகளை விளக்கினேன். அவளுடைய தாய் பொறுமையாகக் கேட்டார்; அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கிராமத்துப் பெண்பிள்ளை ஒருத்தியை மைதானம்வரை அழைத்துவரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவளைத் திருப்பி அனுப்ப என்னுடைய ஒரே ஒரு கோப்பு போதுமானதாக இருந்தது.