நீரிழிவும் ஈறுகளும்



நம்மவர் கூடுமிடங்களில் அடிக்கடி எழும் பேச்சு நீரிழிவைப் பற்றியதே. அதில் வியப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள். தவறாமல் இரத்தம் சோதிக்கிறோம், மாத்திரை உட்கொள்கிறோம், காப்பியில் சர்க்கரையையும் விலக்குகிறோம். ஆயின், கண்ணாடி முன் நின்று தம் ஈறுகளைப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்?

ஈறு நோய்க்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு இரட்டைத் தடம் போன்றது. போகும் வண்டியும் உண்டு. வரும் வண்டியும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நின்றால், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது, வாய் உலர்கிறது, ஈறு எளிதில் புண்படுகிறது, புண் ஆறவும் நாளாகிறது. இது போகும் வண்டி. வீங்கிச் சிவந்த ஈறுகளில் தோன்றும் சில பொருள்கள் இரத்தத்தில் கலந்து, இன்சுலினை அதன் வேலையைச் செய்யவொட்டாமல் தடுக்கின்றன. சர்க்கரை மேலும் ஏறுகிறது. இது வரும் வண்டி. ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர் 1993-இல் எழுதிய கட்டுரையில், நீரிழிவு விளைவிக்கும் கேடுகளின் வரிசையில் ஈறு நோயை ஆறாவதாக வைத்தார்.

இவ்வறிஞரே 1965-இல், டென்மார்க்கில், தம் துணைவர்களுடன் வேறொரு சோதனையையும் நடத்தியிருந்தார். நலமுள்ள 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் அது நீங்கிற்று. ஆகவே, தொடக்கத்தில் இது நம் கையால் தீரக்கூடியதே. கவனியாது விட்டாலோ, பல்லில் படியும் படலம் காரையாக இறுகும். ஈறு பல்லை விட்டு விலகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. பெரும்பாலும் வலியின்றியே இவை நிகழ்வதால் பலர் அறியாதிருக்கின்றனர்.

ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களுக்கு, மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.4 புள்ளி குறைந்ததென, 35 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. இது மாத்திரைக்கு மாற்றன்று, துணையே. இருதய நோய்க்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு காணப்படினும், ஒன்றே மற்றதற்குக் காரணமெனத் திட்டமாக நிறுவப்படவில்லை.

காரை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சுவோர் உண்டு. காரை நீங்கி ஈற்றின் வீக்கம் வடியும்போது இடைவெளி தெரிகிறது; அவ்வளவே. பல் மருத்துவரிடம் நீரிழிவு உண்டென முதலிலேயே சொல்லுங்கள். அவர் வேறுவிதமாகக் கூறினாலன்றி, அன்றும் வழக்கமான உணவையும் மருந்தையும் விடவேண்டாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இரண்டு இடர்கள் தனியே உள்ளன. ஒன்று, அண்டை அயலாரைப் பார்த்துப் பழகும் பழக்கம். மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி என்றும், பீகார் முதலிய கிழக்குப் பகுதிகளில் குல் என்றும் வழங்கும் புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் வழக்கம் இன்னும் அற்றுவிடவில்லை. புகையிலை கலந்த பற்பொடியையும் பற்பசையையும் மத்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. புகையிலை ஈற்றுக்கும் பகை, புற்றுநோய்க்கும் வித்து.

மற்றொன்று மொழி. ஊரிலிருந்து நம்முடன் வந்து தங்கும் தாயாரும் மாமியாரும், ஈற்றில் இரத்தம் கசிந்தாலும், இந்தி தெரியாத காரணத்தால் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை. வயதானால் பல் போவது இயல்பென்று பொறுத்துக்கொள்கின்றனர். அவர்களுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: “மஸூடோன் ஸே கூன் ஆத்தா ஹை.” ஈற்றிலிருந்து இரத்தம் வருகிறது என்பது பொருள்.

காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் மென்மையான பிரஷ்ஷால் துலக்குவது எல்லோர்க்கும் இயலும். அடுத்த முறை பெரியவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, அப்படியே பல் மருத்துவரிடமும் காட்டிவிட்டு வாருங்கள்.